பல்லக்கை இறக்கிய கடைசி ஆள்

ராசாவுக்கு எதிராகக் கலகம் செய்யப் புறப்படும் முன்பு ஹென்றி அண்ணை தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வார். கண்ணாடி போட்ட பல்லக்குத் தூக்கியை எந்தச் சமஸ்தானத்திலும் காணமுடியாது என்று கூத்துப் பழக்கும் கிறகரி அண்ணாவியார் ஒருமுறை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்படித்தான். கண்ணாடி இல்லாவிட்டால் சபையில் முன் இரண்டு வரிசைக்கு அப்பால் அவருக்கு எல்லாம் புகைதான்.

மற்ற நாட்களில் அவர் மொன்றியலில், புவாண்ட்-கிளேர் பக்கம் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறவர். விடிய எழும்பி இரண்டு பஸ் மாறிப் போவார். வீடு கார்ட்டியர்வில்லில், மூன்றாம் மாடி. வெளிப்பக்கமாக வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு. பனிக்காலத்தில் அந்தப் படிகள் வழுக்காமல் உப்புப் போடுகிறவரும் அவர்தான்; கீழ்மாடிக்காரர் பிரெஞ்சில் "மெர்சி, முசியே ஆன்றி" என்று நன்றி சொல்வார்கள். ஹென்றி என்று சரியாகக் கூப்பிட அந்தக் கட்டிடத்தில் ஆள் இல்லை. மனைவி இமெல்டா அக்கா நாலு வருடத்துக்கு முன் புற்றுநோயில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை.

அவருடைய வாழ்க்கையை எழுதப்போனால் கூத்தை எழுதாமல் முடியாது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பாசையூர்க் கத்தோலிக்கர். ஊரில் அந்தோனியார் திருநாளுக்கு நாட்டுக்கூத்து ஆடுவார்கள். மொன்றியலுக்கு வந்தபிறகும் அதை விடவில்லை. ஜூன் மாதத்தில், கோயிலின் கீழ்மண்டபத்தில், ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் ஆடுகிற கூத்து 'மருதகிரிக் கலகம்'. கிறகரி அண்ணாவியாரின் தகப்பன் எழுதியது. தோணியில் கேரளக் கரைக்குப் போய்வந்த காலத்தில் அங்கே கேட்ட கதை என்று அவர் சொல்வாராம். மருதகிரி என்பது அவர் வைத்த பெயர். உண்மையில் எந்தச் சமஸ்தானம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கதை இதுதான். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் மருதகிரி ராசா அவனுக்குக் கப்பம் கட்டிவிட்டுத் தன் குடிகளை வாட்டுகிறான். அறுவடை நேரத்தில் ஆண்களையெல்லாம் தன் பல்லக்குத் தூக்கப் பிடிக்கிறான். நாட்டைச் சுற்றிப் பார்த்து வரி கூட்டப்போகிறானாம். முற்றின நெல் வயலிலேயே உதிர்கிறது. ஒருநாள் உதிர்ந்த வயலுக்கு நடுவில் வந்ததும், தூக்கிகள் பல்லக்கை மெதுவாக இறக்கி வைக்கிறார்கள். அடிக்கவில்லை, ஏசவில்லை. இறக்கிவிட்டுப் போகிறார்கள்.

தூக்கினோம் இறக்கினோம் தோளெமதே ஆக்கினோம்
நோக்கிடோம் திரும்பிடோம் நேர்வழியே போகிறோம்

ராசா உள்ளே இருந்து கெஞ்சுகிறான்.

தோளில் சுமந்தவரே தூரமாய்ப் போகாதீர்
நாளை நான் யாரோடு நடப்பேனோ சொல்லிடுவீர்

ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் தன் கால்களால் நடக்கவேண்டியதாகிறது. வழியில் எந்த ஊரும் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. அரண்மனைக் காவலாளும் போய்விட்டான். கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே போகிறான். அத்தோடு மங்களம்.

கூத்தில் நடிகர் ஓர் அடியைப் பாடினால் ஓரத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார்கள். எந்தப் பாட்டும் இரண்டு தரம்தான். மூன்றாம் தரம் பாடினால் மத்தளம் வேறு தாளத்துக்குப் போயிருக்கும், எல்லாம் குழம்பும். அண்ணாவியார் அதை மன்னிப்பதே இல்லை.

ராசா என் அப்பா. பெயர் எட்மன். ஹென்றி அண்ணையும் அப்பாவும் ஒரே வருடத்தில் இங்கே வந்தவர்கள், ஒரே அறையில் இருந்தவர்கள். அப்பாவுக்குக் குரல் இருந்தது, உயரம் இருந்தது, கிரீடம் கிடைத்தது. ஹென்றி அண்ணைக்குத் தோள் இருந்தது. வெளியிலும் அவர் அப்பாவை 'ராசா' என்றுதான் கூப்பிடுவார்.

"ராசா, உள்ளி விலை கேட்டீரோ?" என்று லவால் தமிழ்க் கடையில் வைத்துக் கேட்பார். கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

பல்லக்கையும் அவரே செய்தார். வேர்ஹவுஸில் எறியும் மெல்லிய பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து செய்தது. அதற்கு அடித்தட்டு இல்லை. கீழே சிவப்புத் துணி தொங்கும். உள்ளே அப்பா நடந்துதான் வருவார். "உலகத்திலேயே பல்லக்குக்குள்ளை நடந்து போற ஒரே ராசா நான்தான்" என்பது அப்பாவின் பழைய பகிடி. இமெல்டா அக்கா தூக்கிகளுக்குப் பஞ்சு வைத்த தோள்மெத்தை தைத்துக் கொடுத்தார். தூக்கிகள் பல்லக்கை இறக்கிவிட்டுச் சபை நடுவால் நடந்து, பின்கதவால் வெளியே போகவேண்டும். அது தானாகச் சாத்திக்கொள்ளும் பாரமான கதவு. வெளியே இருந்து அவர்கள் பாடும் கடைசி அடி உள்ளே கேட்கவேண்டும் என்பதற்காக, இமெல்டா அக்கா காலால் கதவைத் தடுத்துக்கொண்டு நிற்பார். கையில் பிளேன்ரீ போத்தல். கலகக்காரர் எட்டுப் பேரும் படியில் நின்று தேத்தண்ணி குடிப்பார்கள். உள்ளே ராசா தனியாக அழுதுகொண்டிருப்பார்.

எட்டுப் பேர் என்பது ஆரம்பத்தில்.

மொன்றியல் தமிழருக்கு ஒரு வழக்கம் உண்டு. ரொறொன்ரோவுக்குப் போய்விடுவார்கள். பிரெஞ்சு தெரியாமல் நல்ல வேலை இல்லை, சொந்தக்காரர் எல்லாம் அங்கே, கடைகள் அங்கே, கோயில் அங்கே. ஒவ்வொரு ஜூலை முதலாம் திகதியும் இங்கே ஊர் முழுக்க வீடு மாறும் நாள். தெருவெல்லாம் கட்டிலும் மெத்தையும் கிடக்கும். எங்களில் ஒரு குடும்பமாவது அன்றைக்கு றக்கில் சாமான் ஏற்றும். முதலில் றொக்சன் அண்ணை போனார். தூக்கிகளில் நடு ஆள் அவர்தான். பிறகு ஜெனாட் அண்ணை. பிறகு மற்றவர்கள்.

அரண்மனையிலும் ஆட்கள் போனார்கள். ஆனால் அரண்மனை ஒருநாளும் குறையவில்லை. மந்திரி போனால் ஒரு தூக்கி மந்திரி ஆவார். தளபதி போனால் இன்னொரு தூக்கி தளபதி. மந்திரிக்குத் தனியாக ஒரு வரவுப் பாட்டு உண்டு, சரிகை உடுப்பு உண்டு, மாலை போட ஆள் வரும். தூக்கிக்கு ஒன்றும் இல்லை. ஹென்றி அண்ணையையும் மந்திரியாகக் கேட்டார்கள்.

"எனக்கு வேண்டாம் அண்ணாவியார்."

"ஏன் காணும், சரிகை உம்மைக் கடிக்குமோ?"

"மந்திரி பின்கதவாலை போறதில்லையே," என்றார் ஹென்றி அண்ணை.

அப்போது இமெல்டா அக்கா உயிரோடு இருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் போனபிறகும் ஹென்றி அண்ணை மந்திரியாகச் சம்மதிக்கவில்லை. அதற்குக் காரணம் ஒருவரும் கேட்கவில்லை.

இந்த வருடம் பங்குனியில் கூத்துப் பழக்கம் தொடங்கியபோது ராசா இருந்தார், மந்திரி இருந்தார், தளபதி இருந்தார், அரண்மனைச் சேவகர் இரண்டு பேர் இருந்தார்கள். குடிமக்கள் என்று ஹென்றி அண்ணை மட்டும் இருந்தார்.

அண்ணாவியார் தலையில் கை வைத்தார். கலகத்தை வெட்டிவிட்டு, ஒரு குடியானவன் வந்து மனுக் கொடுக்கிறதாகவும் ராசா மனம் இரங்குகிறதாகவும் மாற்றலாம் என்றார் தளபதி. அவர் வங்கியில் வேலை செய்கிறவர்.

"ஒரு ஆள் மனுக் குடுக்கலாம். ஒரு ஆள் கலகம் செய்யேலாது," என்றார் தளபதி.

"ஏன் ஏலாது?" என்றார் ஹென்றி அண்ணை.

"எத்தினை பேரைக் கண்டு ராசா பயப்பிடுறது?"

"பயப்பிடத் தேவையில்லை. இறக்கினாக் காணும். அவர் நடக்கவேணுமெல்லே."

அண்ணாவியார் யோசித்தார். பிறகு, "முன்னுக்கு நீர் தூக்கும். பின்பக்கத்தை ராசா உள்ளை இருந்து தோளிலை வார் போட்டுத் தூக்கட்டும்," என்றார்.

அப்பா சிரித்தார். "அப்ப என்னை நானே தூக்கவேணும்."

"இவ்வளவு நாளும் நாங்கள் தூக்கினது காணாதோ ராசா?" என்றார் ஹென்றி அண்ணை.

இன்னொரு சிக்கல் வந்தது. தூக்கிகளின் ஆட்டத்தில் ஹென்றி அண்ணையின் இடம் எப்போதும் இடப்பக்கம் பின்வரிசை. தனி ஆளான பிறகும் அவர் போய் அங்கேதான் நின்றார். சுற்றி வரும்போது தன் பக்கத்தில் மற்ற ஏழு பேருக்கும் இடம் விட்டுத்தான் சுற்றினார். ஓரிடத்தில் சற்றுத் தோளைச் சரித்து ஒதுங்குவார். அந்த இடத்தில் முன்பு ஜெனாட் அண்ணை அவரைக் கடந்து போவார்.

"நடுவுக்கு வாரும் ஹென்றி," என்று அண்ணாவியார் தாளத்தை நிறுத்திவிட்டுக் கத்தினார்.

"அது றொக்சன்ரை இடம்."

"றொக்சன் ஸ்காபரோவிலை பீட்சா சூடாக்கிக்கொண்டு நிக்கிறான். வாரும்."

வருவார். அடுத்த சுற்றில் கால் தானாகப் பழைய இடத்துக்குப் போய்விடும். கடைசியில் அண்ணாவியார் விட்டுவிட்டார்.

அந்த நாட்களில்தான் ஹென்றி அண்ணை ஒருநாள் பழக்கம் முடியச் சொன்னார்: "ஜொய்சி வரச்சொல்லிக் கேக்கிறாள். யோசிக்கிறன்." ஜொய்சி அவருடைய தங்கை. ரொறொன்ரோவில் பெரிய வீடு. கீழறையைத் தமையனுக்காகத் திருத்தி வைத்திருந்தார்.

'யோசிக்கிறன்' என்றுதான் அவர் சொன்னார். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகிவிட்டது. யோசிக்கிறேன் என்று சொன்னவர் ஒருவரும் இங்கே மிஞ்சவில்லை. ஆகவே எல்லோரும் அவர் போகிறார் என்றே எடுத்துக்கொண்டார்கள். "குடுத்து வைச்ச ஆள்," என்றார் மந்திரி. "அங்கை பிரெஞ்சுத் தொல்லை இல்லை," என்றார் தளபதி. அண்ணாவியார், "அப்ப இதுதான் கடைசிக் கூத்து. நல்லா ஆடுவம்," என்றார். என் அம்மா றெஜினா, போகும்போது கொண்டுபோக மிளகாய்த்தூள் இடித்துத் தருவதாகச் சொன்னார். எல்லாம் அன்பாகச் சொன்னவைதான்.

அப்பா பல்லக்கின் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் முடியும் நேரம் ஒரு கேக் வாங்கினார்கள். மேலே பிரெஞ்சில் நல்ல பயணம் என்று எழுதியிருந்தது. ஹென்றி அண்ணை அதை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் கொடுக்கும்போது முகத்தை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த ஆளிடம் போனார்.

அம்மாதான் அவரிடம் கேட்டார். "வீட்டுக்காரனுக்குச் சொல்லியாச்சோ?"

"இன்னும் இல்லை. நல்ல மனுசன். திருநாள் முடியச் சொன்னாலும் காணுமாம். நிண்டாலும் சரியாம், போனாத் தன்ரை மருமகனுக்கு வீட்டைக் குடுப்பாராம்."

"சாமான் கட்டத் தொடங்கியிருப்பீர்?"

"இன்னும் இல்லை," என்று மறுபடியும் சொன்னார். அப்போது அவர் பார்த்தது அம்மாவை அல்ல. மண்டபத்தின் மற்றப் பக்கத்தில் பேப்பர்க் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு நின்ற அப்பாவை.

அப்போதே எனக்கு விளங்கியது. அவர் போவதா நிற்பதா என்று முடிவு செய்யவில்லை. நில்லும் என்று யாராவது ஒருவர் சொல்வாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அப்பாவிடம் அதைச் சொன்னேன்.

"அவனுக்கு அங்கை தங்கச்சி இருக்கு," என்றார் அப்பா. "இங்கை என்ன இருக்கு? நில்லும் எண்டு என்னத்தைக் காட்டிச் சொல்லுறது?"

திருநாள் சனிக்கிழமை வந்தது. மண்டபத்தில் பாதிக் கதிரைகள் நிறைந்திருந்தன. சிறுபிள்ளைகள் முன்னால் இருந்து பிரெஞ்சில் சண்டை போட்டார்கள். ராசா வரவு, மந்திரி வரவு, தளபதி வரவு எல்லாம் நன்றாகப் போயின. பிறகு பல்லக்கு வந்தது.

முன்னால் ஹென்றி அண்ணை, தோளில் இமெல்டா அக்கா தைத்த மெத்தை. பின்னால் ஒருவரும் இல்லாமல் பல்லக்கு தானாக மிதந்து வந்தது. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை. சிவப்புத் துணிக்குக் கீழே அப்பாவின் சப்பாத்து இல்லாத கால்கள் தெரிந்தன. ஹென்றி அண்ணை எந்தக் காலை வைத்தாரோ அதே காலை அப்பாவும் வைத்தார்.

வயல் நடுவில் நின்றார்கள். ஹென்றி அண்ணை முழங்காலை மடித்து முன்பக்கத்தை இறக்கினார். அப்பா உள்ளே குனிந்து பின்பக்கத்தை இறக்கினார். ஹென்றி அண்ணை நிமிர்ந்து பாடினார். எட்டுப் பேர் பாடிய பாட்டு. அவருடையது பெரிய குரல் அல்ல. அடியின் நடுவில் மூச்சு எடுக்கும் இடங்களில், முன்பு மற்றவர்கள் இழுத்துப் பிடிப்பார்கள். அந்த இடங்களில் மத்தளம் மட்டும் கேட்டது.

பிறகு மேடையை விட்டு இறங்கிச் சபை நடுவால் நடந்தார். இடப்பக்க ஓரமாக நடந்தார், வலப்பக்கம் ஒருவருக்கு இடம் விட்டு.

அப்பா பாடினார். தோளில் சுமந்தவரே தூரமாய்ப் போகாதீர். பிற்பாட்டுத் திருப்பிப் பாடியது. அப்பா இரண்டாம் தரம் பாடினார். அதற்குள் ஹென்றி அண்ணை பின்கதவுக்கு வந்துவிட்டார். கதவின் இரும்புச் சட்டத்தில் கை வைத்தார்.

அப்பா மூன்றாம் தரம் பாடினார்.

மத்தளம் தடுமாறியது. அண்ணாவியார் மேடை ஓரத்தில் கழுத்தை நீட்டி அப்பாவை முறைத்தார். பிற்பாட்டுக்காரர் ஒருவரை ஒருவர் பார்த்து, தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கினார்கள். சபைக்கு ராசா பாட்டை மறந்துவிட்டார் என்றுதான் பட்டது. அப்பா மறப்பவர் அல்ல. போகாதீர் என்ற சொல்லை நீட்டி, பல்லக்குக்கு வெளியே தலையை நீட்டி, கதவைப் பார்த்துப் பாடினார்.

ஹென்றி அண்ணை நின்றார். முதுகுதான் தெரிந்தது. நோக்கிடோம் திரும்பிடோம் என்று பாடிவிட்டு வந்த ஆள் அவர். திரும்பியிருந்தால் கலகம் முடிந்துவிடும். அப்படித் திரும்பியிருந்தாலும், கண்ணாடி இல்லாத கண்ணுக்கு மேடையில் ஒரு சிவப்புப் புகையைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்காது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கதவைக் காலால் தடுக்க ஆள் இல்லை. அது தன்பாட்டில் சாத்திக்கொண்டது. வெளியே அவர் கடைசி அடியைப் பாடினாரா இல்லையா என்று உள்ளே ஒருவருக்கும் தெரியாது.

மங்களத்துக்கு அவர் பக்கக் கதவால் வந்து தன் இடத்தில் நின்றார். முடிந்ததும் அண்ணாவியார் அப்பாவிடம் வந்தார்.

"ராசாவுக்கு மறதி வந்திட்டுது."

"ஓம். வயது போகுதெல்லே," என்றார் அப்பா.

அன்று ஹென்றி அண்ணை எல்லோருக்கும் பிந்தித்தான் மண்டபத்தை விட்டுப் போனார். அவர் கதிரைகளை மடித்தார். அப்பா கிரீடத்தைப் பெட்டியில் வைத்தார். இருவரும் ஒரே மேசையைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். "பாத்து," என்றார் அப்பா. "சரி," என்றார் ஹென்றி அண்ணை. அவ்வளவுதான் பேச்சு. அடுத்த கிழமை அவர் வீட்டுக்காரரிடம் போய், போகிறேன் என்று சொன்னார்.

ஜூலை முதலாம் திகதி அப்பாவும் நானும் பஸ்ஸில் போனோம். ஜொய்சியின் மகன் வாடகைக்கு ஒரு றக் கொண்டுவந்திருந்தான். அவனுக்குத் தமிழ் விளங்கும், கதைக்க வராது. கீழே நின்று போனில் யாருடனோ ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தான். பெட்டிகள் இறங்கின. கடைசியாகச் சோபா. இமெல்டா அக்கா வாங்கியது, பாரம். ஹென்றி அண்ணை முன்னால் பிடித்தார். அப்பா பின்னால். நான் அதன் மெத்தைகளை அணைத்துக்கொண்டு பின்னால் இறங்கினேன்.

இரண்டாம் மாடித் தட்டில் ஹென்றி அண்ணை சொன்னார், "இறக்குவம்."

இறக்கினார்கள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. எதிர்வீட்டுப் படியிலும் யாரோ கட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மூண்டு தரம் பாடினனீர்," என்றார் ஹென்றி அண்ணை.

அப்பா முகத்தைத் துடைத்தார். "ஓம்."

"ரெண்டு தரம்தானே பாடுறது."

"தெரியும்."

"மறந்துதான் பாடினதெண்டு அண்ணாவியாருக்குச் சொன்னீர்."

"அவருக்குத்தானே சொன்னனான்."

ஹென்றி அண்ணை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். "அதுக்குப் பிறகு நான் கன நேரம் நிண்டனான். எல்லாக் கதிரையையும் மடிச்சனான்."

"கண்டனான்."

"கண்டனீர். பிறகு?"

அப்பா சோபாவின் கையில் இருந்த ஒரு பிரிந்த நூலைப் பிடித்து இழுத்தார்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே ராசா. பாட்டிலை சொன்னா ஆருக்கெண்டு நினைக்கிறது? அந்தப் பாட்டை நீர் இவ்வளவு வருசமாப் பாடுறீர்."

"சொல்லியிருந்தா நிண்டிருப்பீரோ?"

ஹென்றி அண்ணை கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். கீழே றக்கைப் பார்த்தார். மேலே, திறந்து கிடந்த தன் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

"தெரியாது," என்றார். "கேட்டிருந்தாத்தானே தெரியும்."

அப்பா தலையை ஆட்டினார். இப்போதும் கேட்டிருக்கலாம். நான் மெத்தைகளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வீடு ஏற்கனவே வீட்டுக்காரரின் மருமகனுக்கு என்று ஆகிவிட்டது. அது மூன்று பேருக்கும் தெரியும்.

"தூக்கும்," என்றார் ஹென்றி அண்ணை.

தூக்கினார்கள். மிச்சப் படிகளை ஒரே காலாக வைத்து இறங்கினார்கள். றக்கில் சோபாவை ஏற்றியதும் ஹென்றி அண்ணை அப்பாவின் தோளில் இரண்டு தரம் தட்டிவிட்டு முன்னுக்கு ஏறினார். றக் மெத்தைகளும் அலுமாரிகளும் கிடந்த தெருவால் மெதுவாக விலத்தி விலத்திப் போய், முனையில் திரும்பியது.

எங்கள் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், லவாலில். தரிப்பிடத்தில் நின்றோம். பஸ் வந்தது. நான் ஏறினேன். அப்பா ஏறவில்லை.

"நீ போ," என்றார். "நான் நடந்து வாறன்."

பாலத்தைப் பஸ் கடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவர் பாலத்துக்கு இன்னும் வரவில்லை.